கணக்கில் ஏறாத ஒரு டம்ளர்

இல்லக்கா, கேட்டத் திறக்க வேணாம். நீங்க அந்தப் பக்கமே நில்லுங்க, நான் ரோட்டுலயே நின்னு பேசுறேன். நீங்க செய்யிறதுதான் சரி. தண்ணி ஆபீஸு, கரண்டு ஆபீஸுன்னு சொல்லிட்டு வந்து, உள்ள பூந்து நகையை வழிச்சிட்டுப் போறானுங்க. வாட்சாப்புல வீடியோ வீடியோவா வருது. நானா இருந்தாலும் திறக்க மாட்டேன்.

ஆபீஸ் பாஸா? இந்தாங்க, கம்பி வழியா நீட்டுறேன், கையில வாங்கியே பாருங்க. ஆமா, போட்டோவுல முடி இருக்கு. அது வேலைக்குச் சேந்தப்ப எடுத்தது. ரொம்ப நாளு ஆகல, ஒன்றரை வருஷந்தான். அதுக்குள்ள கொட்டிப்போச்சு. பேரு வாசு. அடையாள கார்டு, ஐசியா? ஐசி பைக்குள்ள அடியில எங்கயோ கெடக்கு, அப்புறம் எடுத்துத் தரேன்க்கா. வேன் இல்லதான். நான் கொமுட்டர் ரயில்ல வந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ்லதான் வீடு, அங்க ஏறி கிள்ளான்ல எறங்கி, ஒரு கார் புடிச்சு வந்தேன். வேனெல்லாம் வெளிவேலை பாக்குறவங்களுக்கு. நான் ஆபீஸ் ஆளு, பெட்டாலிங் ஜெயாவுல ஏர்கான்ல ஒக்காந்து ஸ்கிரீனப் பாக்குற ஆளு. இந்த மஞ்சச் சட்டைகூட என்னோடது இல்ல, குகன்னு ஒரு தம்பியோடது. அவன்தான் வீடு வீடாப் போறவன். அதான் எனக்கு இப்படித் தொளதொளன்னு தொங்குது.

ஆபீஸ் ஆளு எதுக்கு வந்தாருன்னு கேக்குறீங்க. கேக்கணும்தான்.

விஷயம் என்னன்னா, இந்த வீட்டுல லீக்குன்னு எங்க சிஸ்டம் சொல்லுது. ரெங்கசாமிங்கிற பேருல இருக்கிற மீட்டரு இதுதானே? வீட்டுக்காரரு உள்ள இருக்காரா? தூங்குறாரா. எழுப்ப வேணாம், எழுப்ப வேணாம். நல்லா தூங்கட்டும். நீங்க அவருக்குச் சொந்தமா? ஓ, கூட இருந்து பாத்துக்கிற வேலையா. எந்த ஊரு உங்களுக்கு? ஸ்ரீ கெம்பாங்கானா. அங்கேர்ந்து தினம் வர்றதுன்னா செத்துருவீங்க. இங்கயே தங்கலா, அப்ப சரி. பேரு? அமுதவள்ளி. நல்ல பேருக்கா. இப்ப யாரு வைக்கிறா இந்தப் பேரெல்லாம்.

இங்க பாருங்க, இந்த மீட்டரு தலைமேல சோப்பு டப்பா மாதிரி ஒரு கருப்புப் பெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கே. இதுக்குள்ள ஒரு சிம் கார்டு இருக்கு, உங்க போன்ல இருக்கிற மாதிரியே. எவ்வளவு தண்ணி வீட்டுக்குள்ள போச்சுன்னு மணிக்கொருதரம் எங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். இந்தத் தாமான் குடியிருப்புல எல்லா வீட்டுக்கும் மாட்டியாச்சு. ரோட்டுக்கு அடியில போற பெரிய பைப்புலயும் சென்சார் இருக்கு, அது தண்ணி எவ்வளவு வேகமா தள்ளுதுன்னு பாக்கும். முன்னெல்லாம் பைப்பு ஒடஞ்சா என்ன ஆகும்? ரோடு ஊறணும், யாராவது போன் பண்ணணும், ஆளு வந்து நாலு எடத்துல குத்துமதிப்பா தோண்டணும். அதுக்குள்ள இங்க தண்ணி நின்னு போயி, நாம பால்டியத் தூக்கிக்கிட்டு தண்ணி லோரிக்குப் பின்னாடி ஓடுவோம். இப்ப ரெண்டு சென்சாருக்கு நடுவுல வேகம் கொறஞ்சா, இந்த ஜாலானுக்கும் அந்த ஜாலானுக்கும் நடுவுல, இந்தத் தெருவுலதான்னு ஸ்கிரீன்லயே செவப்பா காட்டிரும். நேரா போயி ஒரே குழி. வேலை முடிஞ்சுது.

வீட்டுக்கும் அப்படித்தான். எப்பவும் போற தண்ணிய விட ஜாஸ்தி போச்சுன்னா அலாரம் அடிக்கும். உங்க வீட்டுக்கு மூணு வாரமா அடிக்குது.

ஒரு உதவி பண்ணுங்கக்கா. உள்ள போயி எல்லாப் பைப்பையும் மூடிட்டு, வாஷிங் மெஷின் ஓடுதுன்னா நிறுத்திட்டு வாங்க. நான் இந்தச் சின்னச் சக்கரத்தப் பாக்குறேன். பின்னாடி பாத்ரூம் பைப்பு மட்டும் எதிர்ப்பக்கம் திருப்புனாத்தான் மூடும், பாத்து மூடுங்க.

இருக்கட்டும், மெதுவா வாங்க. மூடிட்டீங்களா? இப்பப் பாருங்க, சக்கரம் நிக்குது. ஆடல, அசையல. எங்கயாவது ஒழுகிக்கிட்டு இருந்தா இது முக்கி முனகியாவது சுத்தும். ஆக, லீக்கு இல்ல. போற தண்ணி எல்லாம் நீங்க பொழங்குற தண்ணிதான்.

எப்படித் தெரியும்னா... எது? பாத்ரூம் பைப்பா? அது, இந்தத் தாமான்ல நெறைய வீட்டுல அப்படித்தான்க்கா. ஒரே ஆளு மாட்டியிருப்பான். விடுங்க.

ஆமா, வந்த வேலை முடிஞ்சுருச்சு. கெளம்பணும்தான். கார் ஒண்ணு கூப்புடணும். இந்த வெயிலுக்கு ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போறேன், மேகம் வேற கூடுது. பக்கத்து வீட்டு ஆன்டி இல்லையா? இல்ல, கார் இல்லையேன்னு கேட்டேன். ஷா ஆலம்ல மக வீட்டுக்குப் போயிருக்காங்களா. சரி சரி.

குளிக்கிறத ஒளிஞ்சு பாக்குற வேலையான்னு கேக்குறீங்க. நல்லாத்தான் கேட்டீங்க. அப்படிப் பாத்தா ஆமான்னுதான் சொல்லணும். ஆனா ஆளு தெரியாதுக்கா, கோடுதான் தெரியும். ஸ்கிரீன்ல ஒரு கோடு, தண்ணி பொழங்குனா ஏறும், இல்லன்னா எறங்கும். குளிச்சா தெரியும், துணி துவைச்சா தெரியும். ஒரு டம்ளர் தண்ணி குடிச்சா தெரியாது. எங்களுக்கு முழு லிட்டராத்தான் வந்து சேரும், டம்ளர் எல்லாம் கணக்குல ஏறாது.

பெரிய கோடு ஒண்ணு இருக்கு, ஒரு ஏரியாவுக்கே சேத்து. அதப் பாத்துக்கிட்டே இருந்தா ஊரு பழகிரும். நோன்பு மாசத்துல விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே ஏறும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிவாசல் இருக்கிற ஜாலான்ல மட்டும் குபுக்குன்னு ஏறி எறங்கும். சீனப்பெருநாளுக்குப் பாதி கோலாலம்பூரு படுத்துரும், எல்லாரும் ஊருக்குப் போயிருவாங்கல்ல. பாத்தா பாவமா இருக்கும், யாருமே இல்லாத வீடு மாதிரி ஒரு கோடு.

தீபாவளிக் கதை ஒண்ணு சொல்றேன், சிரிப்பீங்க. எங்ககூட மெஹ்ரின்னு ஒரு பொண்ணு வேலை பாக்குது. நல்ல கெட்டிக்காரப் பொண்ணு, புதுசு. போன தீபாவளிக்கு எல்லாரும் லீவு கேட்டாங்க. எனக்கு யாரு இருக்கா, நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். அதுக்கும் தீபாவளி இல்ல, எனக்கும் இல்ல, ரெண்டு பேரும் ஒக்காந்திருக்கோம். நான் முகம் கழுவ எழுந்து போனேன். திரும்பி வந்தா பொண்ணு பதறிக்கிட்டு நிக்குது. கிள்ளான் கோடு சுர்ருன்னு மேல போகுது, ஒரு எடத்துல இல்ல, நாலஞ்சு தாமான்ல. அங்கிள், மெயின் பைப்பு ஒடஞ்சிருச்சுன்னு சொல்லி, குகனுக்குப் போன் போட்டு உடனே கெளம்புன்னு சொல்லிருச்சு. குகன் என்ன சொன்னான் தெரியுமா? அக்கா, மெயினும் ஒடையல ஒண்ணும் ஒடையல, நான் தலையில எண்ணெயோட ஒக்காந்திருக்கேன், எங்கம்மா சுடுதண்ணி வெளாவி வச்சுட்டு வாடான்னு கத்துது, இந்த ஊரே இப்ப அதான் செய்யிதுன்னான்.

நீங்களும் அப்படித்தானே. எண்ணெய் வச்சு ஊறி, சீயக்காப் போட்டுத் தேச்சு, எவ்வளவு தண்ணி. அது சிஸ்டத்துக்குத் தெரியல. எண்ணெய் தேச்சுக் குளிச்சத பைப்பு ஒடஞ்சதா நெனச்சுக்கிச்சு. அப்புறம் நான்தான் எல்லாப் பண்டிகைத் தேதியும் உள்ள ஏத்தி வச்சேன். இப்ப சிஸ்டத்துக்குத் தீபாவளி எப்ப வருதுன்னு தெரியும். எனக்குத்தான் மறந்து போயிருது.

இல்லக்கா, குடும்பம்லாம் இல்ல. இருந்துச்சு. ரொம்ப நாளு வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவன் நான். அங்கயே எல்லாம் முடிஞ்சு போச்சு, சண்டையெல்லாம் இல்ல, அவங்க வழி அவங்களுக்கு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருபத்தெட்டாவது மாடி. கீழ ரயில் போறது பொம்மை மாதிரி தெரியும். மல்லிகைப்பூக் கடை, கோயில் மைக்கு, எல்லாம் கீழ. மேல எதுவும் வந்து சேராது. லிஃப்டுல ஒரு சீனத்தாத்தாவப் பாப்பேன், ரெண்டு பேரும் தலையாட்டிக்குவோம். அவ்வளவுதான் அன்னிக்குப் பேச்சு. பத்தாயிரம் வீட்டுல யாரு எப்ப எழுந்திரிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. நான் பசியாறுனேனான்னு அதுல ஒருத்தருக்கும் தெரியாது. தெரியணும்னும் இல்ல. சும்மா சொல்றேன்.

ஐயோ, வந்துருச்சு பாருங்க மழை. கிள்ளான் மழைக்கு எச்சரிக்கையே கெடையாது. இல்லல்ல, பரவால்ல, நான் அந்த மரத்தடியில... நெஜமாவா? திறக்குறீங்களா? ரொம்ப தேங்க்ஸ்க்கா. செருப்ப இங்கயே விடுறேன். இதுக்கு மேல வரமாட்டேன், இந்த நாற்காலியிலயே ஒக்காந்துக்கிறேன். கிரில்ல நீங்க பூட்டிக்கோங்க. பூட்டிக்கோங்கக்கா, தப்பா நெனைக்க மாட்டேன்.

செடியெல்லாம் யாரு பாக்குறா? நீங்களா. முன்ன நல்லா இருந்திருக்கும் போல. கறிவேப்பிலை இவ்வளவு ஒசரம் வந்துருச்சா... வந்திருக்கே, மரமாவே ஆயிருக்கேன்னு சொன்னேன். வீட்டுக்காரரு சாயந்திரம் சாயந்திரம் தண்ணி ஊத்துவாருல்ல. அன்னிக்குத் தீபாவளியில கூட அப்படித்தான், ஊரெல்லாம் விடியக்காலையில குளிக்குது, இவரு வெயில் ஏறுனப்பறம் ஒத்தையா ரெண்டு பால்டி ஊத்திக்கிட்டாரு. எண்ணெய் வைக்கல. வச்சிருந்தா அவ்வளவு சீக்கிரம் கோடு எறங்காது.

ஆமா. இந்த வீட்டோட கோடுதான்.

ஆமாக்கா. தனியா திறந்து பாத்தேன். அன்னிக்கு மட்டும் இல்ல, தினமும். தப்புதான். ஏரியாக் கோடு பாக்கலாம், அது வேலை. ஒரு வீட்ட மட்டும் எடுத்து வச்சுப் பாக்கக்கூடாது, அதுக்குக் காரணம் வேணும். நீங்க ஆபீஸுக்கு ஒரு போன் போட்டா நாளைக்கே என்னைய அனுப்பிருவாங்க. நம்பரு அந்தப் பாஸுக்குப் பின்னாடியே இருக்கு. போடணும்னா போடுங்க, நான் கோவப்பட மாட்டேன். மழை விட்டதும் போயிருவேன்.

ஏன் இந்த வீடுன்னா, என்ன சொல்றது. ஒத்தை ஆளு வீடு. நானும் ஒத்தை ஆளு. காலையில ஒரு சின்ன ஏத்தம், அது கோப்பிக்கு கேத்தல்ல புடிக்கிறது, மூஞ்சி கழுவுறது. அப்புறம் குளியல். மத்தியானம் ஒண்ணும் இருக்காது, வெளியில சாப்புடுவாரு போல. சாயந்திரம் செடிக்கு. தண்ணி நிக்கப்போகுதுன்னு அறிவிப்பு வந்தா மட்டும் மொத நாளே எக்கச்சக்கமா ஏறும், டிரம்மு, குண்டான், பால்டி எல்லாம் ரொப்பி வச்சுருவாரு. ஒத்தை ஆளுக்கு எதுக்கு இவ்வளவு தண்ணின்னு ஸ்கிரீனப் பாத்துச் சிரிப்பேன். அதப் பாத்துட்டுத்தான் நான் பசியாறப் போவேன். சரி, எழுந்துட்டாரு, குளிச்சுட்டாரு, அப்படின்னு.

ஒரு நாளு கோடு ஏறல.

மொதல்ல பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருப்பாருன்னு நெனச்சேன். மத்தியானம் ஆச்சு. சாயந்திரம் ஆச்சு, செடிக்கும் போகல. போன் நம்பரு கணக்குலயே இருக்கு, எதுத்தாப்புல ஸ்கிரீன்ல இருக்கு. அடிச்சு, என்னன்னு கேக்குறது? மறுநாளும் ஏறல. சென்சார் கெட்டுப்போச்சு, போயிப் பாருன்னு குகனுக்கு ஒரு வேலை போட்டு அனுப்புனேன். அவன் போயிட்டு வந்து சொல்றான், போஸ், மீட்டரு நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்காரரு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு ஒடஞ்சு ஆஸ்பத்திரியில இருக்காராம், பக்கத்து வீட்டு ஆன்டி சொன்னாங்க, வேலைய முடிச்சதாப் போட்டுறவான்னான். போட்டுருடான்னேன். வேற என்ன சொல்றது.

ஆஸ்பத்திரிக்கா? போனேன். எதுக்குப் போனேன்னு கேக்காதீங்க. வார்டு வாசல்ல நர்ஸு, நீங்க அவருக்கு என்ன வேணும்னு கேட்டுச்சு. திரும்பி வந்துட்டேன்.

அப்புறம் ஒரே நேர்கோடு. எவ்வளவு நாளு. மத்த வீடெல்லாம் ஏறி எறங்குது, இது மட்டும் படுத்துக் கெடக்கு. சாப்பாட்டுப் பொட்டலத்தப் பிரிச்சு வச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருப்பேன். திடீர்னு ஒரு நாளு ஏறுச்சு. ஒக்காந்திருந்த எடத்துலயே எழுந்து நின்னுட்டேன். மெஹ்ரின் என்னாச்சு அங்கிள்னு கேக்குது. லீக்குன்னு சொன்னேன். உண்மையிலயே சிஸ்டமும் லீக்குன்னுதான் சொல்லுச்சு. ஒத்தை ஆளு வீட்டுல அவ்வளவு தண்ணி எப்படிப் போகும்? ஆனா எனக்குப் புரிஞ்சு போச்சு. அது லீக்கு இல்ல, வாஷிங் மெஷின். காலையில, திரும்ப மத்தியானம், திரும்ப ஒரு தடவ. அவ்வளவு தடவ மெஷின் போட்டா அது சட்டை துணி இல்ல. படுக்கை விரிப்பு.

தினம் நனையுதா?

ம். ராத்திரியிலயும். டயப்பர் போட்டா பிச்சு எறிஞ்சிடுறாரா. எறிவாரு, எறிவாரு. கோவக்காரருன்னு பாத்தாலே தெரியும்... இல்ல, கேட்டாலே தெரியுதுன்னு சொல்றேன். உங்களத் திட்டுறாரா? அப்புறம் மன்னிப்பும் கேக்குறாரா? கேக்குறாரா, நெஜமா? பேரு சொல்லிக் கூப்புட்டுக் கேக்குறாரா. பரவால்லையே.

கோப்பியெல்லாம் எதுக்குக்கா, சிரமம். சரி, போட்டா குடிக்கிறேன்.

தேங்க்ஸ். சூடா இருக்கு, நல்லாருக்கு.

இவ்வளவு வேலையும் ஒருத்தரே பாக்குறீங்க. வேற யாரும் இல்லையா அவருக்கு? மகன் ஒருத்தரு. எங்க இருக்காராம்? ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல. ஓ. இவரே சொன்னாரா? தினம் போன் பண்ணுவாரா. தினமுமா?

நீங்க இருக்கும்போது அடிச்சிருக்காரா? எப்பவும் நீங்க துணி காயப்போடப் பின்னாடி போற நேரமாப் பாத்துத்தான் வருமா. ம். என்ன பேசுவாங்களாம்? சாப்புட்டீங்களான்னு கேப்பாராம். தண்ணி ஊத்துனீங்களான்னு கேப்பாராம், செடிக்கு. வேற? தண்ணி வேலைதான் அவருக்கும், அங்க எல்லாத் தண்ணியையும் கம்ப்யூட்டர்ல பாக்குற பெரிய வேலைன்னு சொன்னாரா.

ஆமா, அதே வேலைதான். நெறைய பேரு பாக்குறாங்கக்கா அந்த வேலைய.

ஒண்ணும் இல்ல. கோப்பி நாக்கச் சுட்டுருச்சு.

பக்கத்து வீட்டு ஆன்டி வேற மாதிரி சொன்னாங்களா? என்ன சொன்னாங்க? அம்மா சாவுக்கு மகன் வரல. அதுக்கப்புறம் ஒரு வருஷம் கழிச்சு வந்து நின்னப்ப அப்பா கேட்டத் திறக்கல, இனிமே இங்க வராதேன்னுட்டாரு. அவங்களே பாத்தாங்களா? அவங்க குடிவர்றதுக்கு முன்னாடி நடந்ததா. தெருவுல பேசிக்கிட்டாங்களா. தெருன்னா பேசத்தான் செய்யும்.

இல்ல, நான் யாருக்கும் பரிஞ்சு பேசல. ஆனா அந்தக் கொரோனா நேரம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும்ல. ஏர்போர்ட்டே மூடிக் கெடந்துச்சு. அந்த நாட்டுலேர்ந்து வெளிய விடல, இந்த நாட்டுக்குள்ள விடல. போன்லதான் பாத்திருப்பான் அவன். யாரோ ஒருத்தரு போனத் தூக்கிப் புடிச்சுக் காட்டியிருப்பாங்க, பாதி நேரம் சீலிங்கு ஃபேன்தான் தெரிஞ்சிருக்கும். அது அப்பாவுக்கும் தெரியும். தெரிஞ்சாலும் யாரு மேலயாவது கோவப்படணும்ல. தனியா நின்னு எல்லாத்தையும் செஞ்ச மனுஷன். கோவப்பட வீட்டுல வேற யாரு இருந்தா.

திறக்கலங்கிறது மட்டும் உண்மை. இந்தக் கேட்டுக்குப் பெரிய பூட்டு ஒண்ணு போட்டுட்டு உள்ள போயிட்டாராம். மழை. இதே மாதிரிதான்.

நான் எப்படி... ஆன்டி சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. மழையச் சொல்லலையா. சரி.

அந்தப் பைப்ப நீங்க இன்னும் மறக்கலையா? எதிர்ப்பக்கம் திருப்புறது. ஆமாக்கா, மத்த வீட்டுல அப்படி இல்ல. இந்த வீட்டுல மட்டுந்தான். வீட்டுக்காரரு தானே மாட்டுனது, கப்பல் வர்ற போர்ட்ல கிரேன் ஓட்டுன மனுஷனுக்கு பிளம்பரக் கூப்புடுறது கவுரவக் கொறைச்சல். மாத்தி மாட்டிட்டு, இப்ப வேணும்னுதான் இப்படி வச்சேன், திருடன் வந்தா தண்ணி கெடைக்காதுன்னு சொன்னாரு. அவரு வீட்டம்மா ரெண்டு நாளு சிரிச்சாங்க.

இருங்க, உள்ள சத்தம் கேக்குதுல்ல. உங்களத்தான் கூப்புடுறாரு. முழிச்சுட்டாரு. போங்க, போங்க, நான் இங்கயே இருக்கேன்.

என்னவாம்? தண்ணியா. யாரோட பேசுறேன்னு கேட்டாரா? நீங்க என்ன சொன்னீங்க? தண்ணி ஆளுன்னா. சரிதான், அதான் நான்.

அக்கா, அந்த ஃபிளாஸ்க்க எடுக்காதீங்க. வெதுவெதுன்னு கலக்க வேணாம், குடுத்தா துப்பிருவாரு. அப்பா பச்சத்தண்ணிதான் குடிப்பாரு. எங்கம்மா இருந்தப்பவே அப்படித்தான், காய்ச்சலா இருந்தாலும் பச்சத்தண்ணிதான்.

ஆமா.

இந்தாங்க, மொதல்ல ஐசி கேட்டீங்கல்ல, அப்பா பேரும் அதுல இருக்கு. நீங்களே வச்சுக்கோங்க, போறப்ப வாங்கிக்கிறேன். கிரில்லத் திறக்குறீங்களா? வேணாம்னா சொல்லுங்க, இங்கேர்ந்தே போயிருவேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது.

அந்த டம்ளரக் குடுங்கக்கா, நான் கொண்டு போறேன். ரொப்ப வேணாம், பாதி போதும், படுத்தபடி குடிக்கணும்ல. நீங்க வந்து யாருன்னு சொல்ல வேணாம். நானே சொல்லிக்கிறேன். திட்டுனா திட்டட்டும், நீங்க பயந்துராதீங்க.

அந்த ஃபேன மட்டும் கொஞ்சம் கொறச்சு வைங்க. அவருக்கு வலது காது சுத்தமா கேக்காது.